சின்னப் பிள்ளைகளோடு சைக்கிள் சவாரி: சிங்கப்பூரில் எப்படித் தொடங்குவது, எங்கே போவது?

கேள்வி இதுதான். பொங்கோலில் குடியிருக்கும் ஒரு குடும்பம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 2. பெற்றோர் இருவருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் சிங்கப்பூருக்கு வந்தபிறகு தொட்டதில்லை. ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஊரிலிருந்து பாட்டியும் வருகிறார். குடும்பமாகச் சைக்கிளில் போய்வர ஆசை. என்ன வாங்குவது, எங்கே போவது, பிள்ளைகள் எவ்வளவு தூரம் தாங்குவார்கள், பாட்டியை என்ன செய்வது, இந்த வெயிலில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான். இங்கே பூங்கா இணைப்புப் பாதைகள் மட்டுமே 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. காரோடும் பேருந்தோடும் மல்லுக்கட்டாமல் ஒரு பூங்காவிலிருந்து இன்னொரு பூங்காவுக்குப் போய்விடலாம். மேடு குறைவு. பெரிய பூங்காக்களில் கழிப்பறைக்கும் நிழலுக்கும் பஞ்சமில்லை. சின்னப் பிள்ளைகளோடு ஓட்டுவதற்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது கஷ்டம்.

அப்படியிருந்தும் ஒரே ஒரு தடவை போய்விட்டு, "இது நமக்குச் சரிப்படாது" என்று சைக்கிளை நடைவழியில் சாத்திவைத்துவிடும் குடும்பங்கள் நிறைய. வார இறுதிகளில் எங்கள் அடுக்குமாடி புளோக் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்கிவிடுவது என் பொழுதுபோக்கு. அந்தச் சாக்கில் பெற்றோர் கதைகளும் காதில் விழும். பெரும்பாலும் ஒரே கதைதான். அப்பா தன் கால் பலத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டிருப்பார். போகும்போது எல்லாம் ஜோராக நடக்கும். திரும்பும் வழியில் சின்னது தூங்கி வழியும், பெரியது "கால் வலிக்குது" என்று பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிடும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் குட்டிச் சைக்கிள் என்று அம்மா வெயிலில் நடந்து வருவார். அன்றோடு ஆசை தீர்ந்துவிடும்.

அதனால் முதலில் திட்டமிட வேண்டியது திரும்பி வருவதை. சவாரி எவ்வளவு நீளம் என்பதை முடிவு செய்வது உங்கள் 2 வயது மகன். அவன் எத்தனை மணிக்குத் தூங்குவான், எப்போது பசிக்கும் என்று பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டுக்குள் இருக்கும்படி கணக்குப் போடுங்கள். இன்னொன்று: எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் மடக்கு சைக்கிளைத்தான் ஏற்றலாம். மடக்கினால் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம், இவற்றைத் தாண்டக் கூடாது. மகளின் குட்டிச் சைக்கிள் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மடங்காது என்றால் ரயிலில் இடமில்லை. "முடியலைன்னா ரயில் ஏறிடலாம்" என்ற தைரியத்தில் தூரமாகப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அப்படி ஆகிவிட்டால் ஒருவர் சைக்கிள்களோடு நிற்க, இன்னொருவர் பிள்ளைகளைப் பேருந்தில் வீட்டுக்குக் கூட்டிப்போவதுதான் வழி. அதற்காகவாவது இரண்டு நல்ல பூட்டுகள் கையில் இருக்கட்டும்.

சரி, மகனிலிருந்து தொடங்குவோம். ஒரு வயது நிரம்பாத குழந்தையைச் சைக்கிள் இருக்கையில் உட்கார வைக்கவே கூடாது. தலைக்கவசத்தின் எடையைக் கழுத்து தாங்காது. உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். இருக்கைகளில் இரண்டு வகை. ஹாண்டில்பாருக்கும் உங்களுக்கும் நடுவில் மாட்டும் முன்னிருக்கை வழக்கமாக 15 கிலோ வரை தாங்கும். பின்சக்கரத்துக்கு மேலே வரும் பின்னிருக்கை 22 கிலோ வரை. வாங்கும்போது இருக்கையில் அச்சிட்டிருக்கும் எடையைப் பாருங்கள், பெட்டியில் போட்டிருக்கும் வயதை நம்பாதீர்கள். முன்னிருக்கையில் பிள்ளைக்குக் குஷி. எல்லாம் தெரியும், காதருகே பேசிக்கொண்டே வரலாம். ஆனால் தூங்கிவிட்டால் தலை சாய இடமில்லை, ஒரு வருடத்தில் இருக்கையும் சின்னதாகிவிடும். ஒன்றுதான் வாங்குவதாக இருந்தால் பின்னிருக்கை வாங்குங்கள். உயரமான முதுகு, தோள்பட்டை வார், காலை வைத்துக் கட்டும் பட்டை, காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பெரிய தடுப்பு, இத்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தடுப்பு முக்கியம். ஊரில் கேரியரில் உட்கார்ந்து வந்து கம்பியில் கால் சிக்கிய பிள்ளையைப் பார்க்காதவர் நம்மில் குறைவு.

எல்லாச் சைக்கிளிலும் இருக்கை மாட்ட முடியாது. கார்பன் சட்டம், பின்பக்க ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிள் இரண்டும் ஆகாது. மடக்கு சைக்கிளில் சிலவற்றுக்குத் தயாரிப்பாளரே வேண்டாம் என்று சொல்லியிருப்பார், கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். யார் மகனை ஏற்றிப் போகிறாரோ அவருக்கு, இருக்கையில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். பழகுவதற்கு என் யோசனை: 10 கிலோ அரிசி மூட்டை ஒன்றைப் பின்னிருக்கையில் வைத்து வாரால் இறுக்கிக் கட்டி, புளோக்கைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வண்டி எப்படிப் பக்கவாட்டில் இழுக்கிறது என்று அப்போது தெரியும். அரிசி விழுந்தால் பரவாயில்லை.

பின்னிருக்கையில் நேரும் விபத்துகளில் மோசமான வகை ஓடும்போது நடப்பதில்லை, நிற்கும்போது நடப்பது. பிள்ளையை உட்கார வைத்து, ஸ்டாண்டு போட்டு, "ஒரு நிமிஷம்" என்று தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்புவோம். பிள்ளை எட்டிப் பார்க்கும், வண்டி சாய்ந்துவிடும். அதனால் பை, பாட்டில், பூட்டு எல்லாம் வைத்து முடித்தபிறகு கடைசியாகப் பிள்ளையை ஏற்றுங்கள். நின்றதும் முதலில் பிள்ளையை இறக்குங்கள். பிள்ளை இருக்கையில் இருக்கும்வரை ஹாண்டில்பாரிலிருந்து கையை எடுக்காதீர்கள். ஒற்றைக்கால் ஸ்டாண்டை மாற்றி, நடுவில் இரண்டு கால் ஊன்றும் ஸ்டாண்டு போட்டுக்கொண்டால் நல்லது. அதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

தலைக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சாலையில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது சட்டப்படி கட்டாயம், பாதையில் ஓட்டும்போது கட்டாயமில்லை. பிள்ளைகளுக்கு எங்கே ஓட்டினாலும் போடுங்கள். நீங்களும் போடுங்கள், இல்லாவிட்டால் 5 வயதுக்காரி கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் விளிம்பு இருக்க வேண்டும், காதுக்குக் கீழே வார்கள் சேரும் இடம் காதை ஒட்டி வர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடம் கூடாது. மகளுக்கு உச்சிக் கொண்டை போட்டால் கவசம் உட்காராது. பின்னல் தாழ்வாக இருக்கட்டும். விளையாட்டிடத்தில் ஏறும் முன் கவசத்தைக் கழற்றிவிட வேண்டும், ஏணிக் கம்பியில் வார் சிக்கினால் கழுத்து இறுகும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இப்போது மகள். அவளுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேள்வியில் இல்லை. தெரியாது என்று வைத்துக்கொள்வோம். 5 வயதுக்குப் பொதுவாக 16 அங்குலச் சக்கரம் சரியாக இருக்கும், குட்டையான பிள்ளை என்றால் 14. வயதைவிடக் கால் நீளத்தைப் பாருங்கள். இருக்கையை முழுதும் தாழ்த்தினால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். பள்ளிச் சீருடை வாங்குகிற மாதிரி "வளர்ற பிள்ளைதானே" என்று 20 அங்குலம் வாங்கி வைப்பது நம் ஆட்களின் வழக்கம். வேண்டாம். பெரிய சைக்கிளில் பயத்தைத்தான் கற்றுக்கொள்வாள். எடையையும் தூக்கிப் பாருங்கள். கூடை, மட்கார்டு, பக்கச் சக்கரம் எல்லாம் வைத்த இரும்புச் சைக்கிள் 10 கிலோவைத் தொடும், மகளின் எடையே 18 கிலோ சுற்றித்தான் இருக்கும். தன் எடையில் பாதிக்கு மேல் இருக்கும் வண்டியை நீங்களே மிதிப்பீர்களா? 6 கிலோவுக்குள் அலுமினியச் சட்டத்தில் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், பழையதாக வாங்கினால் கட்டுப்படியாகும்.

பக்கச் சக்கரம் எனக்குப் பிடிக்காது. அது பிள்ளையை விழாமல் பார்த்துக்கொள்ளும், அதனாலேயே சமநிலையைக் கற்றுக்கொள்ள விடாது. சைக்கிள் திரும்பும்போது சாய வேண்டும், பக்கச் சக்கரம் சாய விடாது. நான் செய்வது இது: பக்கச் சக்கரத்தையும் இரண்டு பெடலையும் கழற்றிவிடுவேன். 15 எண் ஸ்பேனர் போதும். இடது பெடலுக்கு மட்டும் திருகு தலைகீழ், வழக்கமான திசையில் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும். பெடல் இல்லாத சைக்கிளில் பிள்ளை உட்கார்ந்து காலால் தள்ளித் தள்ளி நடக்கும். முதலில் தத்தித் தத்தி, பிறகு எட்டு வைத்து, அப்புறம் ஒரு தள்ளு தள்ளிவிட்டு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு மிதந்து போகும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு அடி மிதக்க ஆரம்பித்த அன்றைக்குப் பெடலை மாட்டிவிடலாம். சில பிள்ளைகளுக்கு ஒரு காலைப் பொழுது, சிலருக்குச் சில வாரம். பிடித்துக்கொண்டு ஓடுவதாக இருந்தால் அக்குளில் கை கொடுங்கள். ஹாண்டில்பாரைப் பிடித்தால் ஓட்டுவது நீங்கள், அவள் பயணி.

மகனுக்கும் பெடல் இல்லாத குட்டி வண்டி ஒன்று இப்போதே வாங்கலாம், 2 வயது அதற்குச் சரியான வயதுதான். ஆனால் அது பூங்காவுக்குள் விளையாட. அதில் அவனைப் பாதை நெடுகக் கூட்டிப்போக முடியாது. கால் மணி நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

பழக்குவதற்கு இடம், பக்கத்துக் கூடைப்பந்துத் திடல் காலையில் காலியாக இருந்தால் அதுவே போதும். புளோக்கின் கீழ்த்தளம் வேண்டாம், தூணும் தாத்தா பாட்டிகளும் இருக்கும் இடம். பல இடங்களில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று பலகையும் இருக்கும். ஓட்ட வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கொடுங்கள். 2021-லிருந்து பொதுப் பாதையில் ஓடும் சைக்கிளுக்குக் குறைந்தது ஒரு கைப்பிரேக் வேலை செய்தாக வேண்டும். விரலால் அழுத்தும் பிரேக் கம்பியில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், அதை முறுக்கினால் கம்பி கைப்பிடிப் பக்கம் நெருங்கி வரும். மகளின் விரல் எட்டுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, முன்சக்கரம் கோட்டில் நிற்க வேண்டும் என்று விளையாடுங்கள். ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள், "நில்" என்றோ "ஸ்டாப்" என்றோ. அந்தச் சொல் கேட்டால் கேள்வி கேட்காமல் நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் வரும்வரை இணைப்புப் பாதைக்கு அழைத்துப் போகாதீர்கள்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடது பக்கம் ஓட்ட வேண்டும். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. உங்கள் மகள் எந்த வரம்பையும் மீறப் போவதில்லை, ஆனால் மற்றவர்கள் 25-இல் வருவார்கள் என்பது நினைவில் இருக்கட்டும். 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டிப் போகும் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. பக்கத்தில் சைக்கிள் பாதை இருந்தால் நீங்கள் அதில்தான் போக வேண்டும். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. மோட்டார் வைத்த மின்சைக்கிள் வாங்கினால் சௌகரியம் என்று யாராவது சொல்வார்கள். அதை நடைபாதையில் ஓட்டக் கூடாது, பதிவும் தேர்வும் வேறு உண்டு. உங்கள் தேவைக்கு அது வேண்டாத வேலை.

பாதையில் வரிசை இப்படி: மகனை ஏற்றியவர் முன்னால், மகள் நடுவில், மற்றவர் பின்னால், சற்று வலப்பக்கமாக. பின்னால் வருகிறவருக்குத்தான் வேலை அதிகம். சின்னப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் பார்த்திருக்கிறேன். பின்னால் யாராவது மணி அடித்தால் திரும்பிப் பார்ப்பார்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ ஹாண்டில்பாரும் அந்தப் பக்கம் திரும்பும், சரியாக வேகமாக வருகிறவரின் குறுக்கே போவார்கள். மணி கேட்டால் நேராகப் பார், இடது ஓரம் போ என்று திடலிலேயே பழக்குங்கள். நீங்கள் பின்னாலிருந்து மணி அடித்து அடித்துப் பார்த்தால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும், பழகியும்விடும். சாலையைக் கடக்கும் இடத்தில் எல்லாரும் இறங்கி, பச்சை மனிதன் விளக்கு வந்தபிறகு ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போங்கள். நின்று பார்த்துவிட்டு மெதுவாக ஓட்டியே கடக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, 5 வயதுக்கு அது சரிவராது. பேருந்து நிறுத்தத்தின் பின்பக்கமும் அப்படித்தான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு யாராவது திடீரென்று பின்னால் நகர்வார்கள்.

வெயிலுக்கு வருவோம். இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு உதித்து 7 மணிக்கு மறைகிறது. காலை 7.15-க்குக் கிளம்பி 9.30-க்கு வீடு சேர்வது எனக்குப் பிடித்த கணக்கு. மாலையில் 5-க்கு மேல். நடுப்பகல் பேச்சே வேண்டாம். ஒன்றை மறந்துவிடுவோம்: நாம் மிதிப்பதால் நமக்குக் காற்று வரும், பின்னிருக்கைப் பிள்ளைக்கு நம் முதுகுதான் முன்னால். காற்றும் கிடையாது, அசைவும் கிடையாது, தொடையில் வெயில் நேராக விழும். நிறுத்திவைத்த வண்டியில் வார்ப்பூட்டின் உலோகம் கொதிக்கும், பிள்ளையை ஏற்றும் முன் தொட்டுப் பாருங்கள். மெல்லிய முழுக்கால்சட்டை போடுங்கள். கேட்காவிட்டாலும் கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள்.

மழையைவிட இடிதான் பிரச்சினை. ஆண்டில் 150 நாட்களுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. பெரும்பாலும் பிற்பகலில். ஜூன் மாதத்தில் சில நாள் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து பலத்த காற்றோடு மழை வந்து, 9 மணிக்குள் ஓய்ந்துவிடும். கிளம்பும் முன் வானிலைச் செயலியில் மழை வரைபடத்தைப் பாருங்கள். வழியில் இடிச் சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்க வேண்டாம், அருகிலுள்ள கட்டடத்துக்குப் போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். மழைக்குப் பிறகு மரப்பலகைப் பாதைகள் வழுக்கும். அதில் இறங்கித் தள்ளுங்கள்.

எங்கே போவது? நீங்கள் பொங்கோலில் இருப்பது பாதி வேலையை முடித்துவிட்டது. வீட்டிலிருந்து நீர்வழிப் பூங்காவுக்குப் போங்கள். இரண்டு நீர்த்தேக்கங்களை இணைக்கும் இந்த நீர்வழி 4.2 கிலோமீட்டர் நீளம், 2011-இல் திறந்தது. முழுவதையும் ஓட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் தடவை மணல் விளையாட்டிடம் வரை போய், ஒரு மணி நேரம் விளையாடவிட்டு, திரும்பிவிடுங்கள். போக வர இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும். "அவ்வளவுதானா?" என்று மகள் கேட்டால் வெற்றி.

அடுத்தது கோனி தீவு. பொங்கோல் கரையோரப் பாதையில் போனால் தீவின் வாசல் வந்துவிடும். காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். உள்ளே தார் கிடையாது, இறுகிய மண் பாதை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். காய்ந்த நாளில் 16 அங்குலச் சக்கரம் தாராளமாகப் போகும். கடை எதுவும் இல்லை, தண்ணீர் வெளியிலிருந்தே கொண்டுபோக வேண்டும். மணல் ஈ கடிக்கும், அரைக்கால்சட்டையில் போனால் இரண்டு நாள் சொறிந்துகொண்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல இந்தத் தீவுக்கு ஒரு கதை உண்டு. டைகர் பாம் தைலத்துக்குப் பெயர்போன குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த தீவை 1950-இல் இந்திய வணிகர் ஒருவர் வாங்கி, நியூயார்க்கின் கோனி தீவு மாதிரி கேளிக்கைப் பூங்கா ஆக்கப் பார்த்தார். திட்டம் நடக்கவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2016 வரை இங்கே ஒரு காளைமாடு தனியாகத் திரிந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. மாடு இப்போது இல்லை, ஆனால் "இங்கதான் நின்னுச்சு" என்று சொன்னால் 5 வயதுக்கு அடுத்த ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும்.

பாதைப் பலகைகளில் வடகிழக்கு ஆற்றோர வளையம் என்று 26 கிலோமீட்டர் சுற்று ஒன்றைப் பார்ப்பீர்கள். அதைப் பெரியவர்கள் தனியாக ஓட்டுங்கள், அருமையான பாதை. பிள்ளைகளோடு வேண்டாம்.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவை எல்லாரும் சொல்வார்கள். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளம், சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் தனித்தனிப் பாதை, வாடகைக்குக் குட்டிச் சைக்கிளிலிருந்து பிள்ளை இருக்கை வைத்த சைக்கிள்வரை கிடைக்கும். வாங்கும் முன் முன்னிருக்கையா பின்னிருக்கையா என்று ஓட்டிப் பார்க்க நல்ல இடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே தேர்த்திருவிழாக் கூட்டம். நேற்றுத்தான் பெடல் மாட்டிய பிள்ளையை அங்கே விடாதீர்கள். வார நாள் காலையில் போங்கள், பள்ளி விடுமுறைதானே. பெடோக் படகுத்துறையைத் தாண்டிக் கிழக்கே போகப் போக நெரிசல் குறையும். துறையில் தூண்டில் போடுகிறவர்களின் வாளிக்குள் எட்டிப் பார்ப்பதே உங்கள் மகனுக்கு அரை மணி நேரப் பொழுதுபோக்கு.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நான் முதலிடம் கொடுப்பது சாங்கி விமான நிலையப் பாதைக்கு. 2020 அக்டோபரில் திறந்தது, 2ஆம் முனையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைப் பூங்கா பக்கம் வரை 3.5 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு, பாதையோரம் இருபதுக்கு மேற்பட்ட டைனோசர் பொம்மைகள், நிஜ அளவில். மேலே விமானம் தாழ்வாகப் பறக்கும், பக்கத்தில் நீண்ட கழுத்துக்காரர் நிற்பார். குடும்பங்கள் செய்கிற தப்பு, கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் நடுவிலிருந்து இதற்கு ஓட்டிப் போவது. டைனோசர் வருவதற்குள் பிள்ளை களைத்துவிடும். அதற்குப் பதில் ரயிலில் சாங்கி போய், 2ஆம் முனையத்துப் பக்கமே சைக்கிள் வாடகைக்கு எடுத்து, டைனோசர் வரை மட்டும் போய்த் திரும்புங்கள். ஒவ்வொரு டைனோசருக்கும் நிற்க வேண்டியிருக்கும், ஒவ்வொன்றின் பெயரையும் மகள் உங்களுக்குத் திருத்திச் சொல்வாள். நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். வெயிலில் நின்றுவிட்டு முனையத்துக் குளிர்சாதனத்துக்குள் நுழையும் சுகம் வேறு.

புலாவ் உபினுக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், தீவில் இறங்கினதும் வாடகைச் சைக்கிள்கள், கம்பத்து (கிராமத்து) வீடுகள், காட்டுப்பன்றிகள். அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் ஏற்ற இறக்கம் உண்டு. இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பழகாத பிள்ளைக்கு அது இடமில்லை. மகளுக்கு 8 வயது ஆகட்டும். பழைய மலாயா ரயில் தடத்தில் அமைந்த 24 கிலோமீட்டர் ரயில் பாதைப் பசுமைத் தடமும் அதேபோலத்தான். சில பகுதிகளில் சரளை, நிழல் விட்டுவிட்டுத்தான் வரும். பின்னிருக்கைப் பிள்ளையோடு பெரியவர் போகலாம், குட்டிச் சக்கரம் திணறும்.

பாட்டியை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவருக்குச் சைக்கிள் தேவையில்லை, சவாரியில் முக்கியமான பொறுப்பு இருக்கிறது. அவரைப் பேருந்திலோ எல்ஆர்டி இலகு ரயிலிலோ நீங்கள் போய்ச்சேரும் விளையாட்டிடத்துக்கு முன்கூட்டியே வரச் சொல்லுங்கள். முதல் முறை நீங்களே ஒருநாள் கூட்டிப்போய் வழி காட்டிவிடுங்கள். பொடி தடவிய இட்லியும் வாழைப்பழமும் அவரிடம் இருக்கட்டும். "பாட்டி அங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்பதைவிட வேகமாக மிதிக்க வைக்கும் வார்த்தை எனக்குத் தெரியவில்லை. மகனுக்குத் தூக்கம் வந்துவிட்டால் பாட்டியும் பேரனும் ஒரு பெற்றோரோடு பேருந்தில் போய்விடலாம், அவர் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்வார். தயிர்சாதம், எலுமிச்சைச் சாதம் என்று தூக்குச்சட்டியை நிரப்ப வேண்டாம். வயிறு நிறைந்த பிள்ளை மிதிக்காது.

கடைசியாக, வீட்டில் வைக்கும் இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைவழியில் சைக்கிள் வைக்கலாம், ஆனால் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும். இடம் குறுகல் என்றால் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் பூட்டுங்கள், இருக்கையை மட்டும் கழற்றி மேலே கொண்டுவந்துவிடுங்கள், மழையில் மெத்தை ஊறிப் பூஞ்சை பிடிக்கும். கடலோரம் ஓட்டிவிட்டு வந்தால் சங்கிலியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் துரு ஏறிவிடும். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும். மகளின் 16 அங்குலம் இரண்டு வருடத்தில் சின்னதாகிவிடும். அதற்குள் மகனுக்கு 4 வயது ஆகியிருக்கும், எனவே அதை விற்றுவிட வேண்டாம், இளஞ்சிவப்பு தவிர வேறு நிறத்தில் வாங்கியிருந்தால் தம்பி தகராறு செய்யாமல் எடுத்துக்கொள்வான்.